ஆவி வண்டியின் முதல் ஓட்டம்

1

பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சாயப்பட்டறை பாய்லர் ஆவியை விட்ட சத்தத்தில் என் சட்டையெல்லாம் டீ கொட்டியது. இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். என் மானத்தை வாங்கிய அந்த ஆவியால் ஒரு விண்கலத்தைத் தள்ளிவிட்டால் என்ன?

(முதலில் 'மனித குலம் என்றுமே வானத்தை...' என்று ஆரம்பித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

2

சாயப்பட்டறைகளுக்கு பாய்லர் செய்துகொண்டிருந்த லோகப்பிரியா, சத்தியமங்கலம் பக்கத்துப் பொட்டல்காட்டில் தண்டவாளம் போட்டிருக்கிறாள். அதன்மேல் ஒரு வண்டி. வண்டியில் கொதிநீர்த் தொட்டி. அதற்கு மேலே, திரும்பத் திரும்பப் பறக்கக்கூடிய சின்ன விண்கலம். தொட்டியைத் திறந்தால் பீறிடும் ஆவி வண்டியைத் தள்ளும். கலம் தன் எரிபொருளைத் தொடாமலே வேகம் பிடித்துக் கிளம்பும். எவ்வளவு எளிய யோசனை! நமக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாகத்தான் இருக்கிறது.

இன்றுதான் முதல் ஓட்டம். அனுமதி இன்றோடு முடிகிறது. மறுபடி கிடைக்குமா என்பது... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

3

வெல்டர் தனபால் காலையில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியைக் கையால் தள்ளி நசுக்கினார். புது வண்டி எதுவானாலும் எங்கள் பக்கம் அப்படித்தான். பிறகு தண்டவாளத்தைத் துடைத்தார்கள், பிரேக் போட்டார்கள், தொட்டியைச் சூடேற்றினார்கள். அழுத்தம் முழுக்க ஏறிய பிறகுதான் பூட்டுக் கம்பி துளைக்குள் இறங்கவில்லை என்பதை லோகப்பிரியா பார்த்தாள். தொட்டியைத் திறந்ததும் பீறிடும் ஆவி முழு பலம் பெறும்வரை வண்டியைப் பிடித்திருக்க வேண்டிய கம்பி அது. பழத்தை நசுக்கிய வண்டி ஒரு சாண் முன்னே வந்து நின்றிருந்தது. யாரும் அதைப் பின்னால் தள்ளவில்லை.

“ஏனுங்க அம்மணி, நாலு பேரு சேந்து பின்னால தள்ளிப்போட்டா ஆச்சுங்க,” என்ற தனபால் அதற்குள் வண்டிக்கு முன்னால் போய் நின்றிருந்தார்.

“முன்னால நிக்காதீங்கண்ணா! பிரேக் உட்டுச்சுன்னா?”

“அனுமதி போயிருமுங்களே.”

“போனாப் போவுதுங்க. மொதல்ல வெளிய வாங்க.”

4

இங்கே வேறொரு முடிவு எழுதியிருந்தேன். நால்வர் தள்ளுகிறார்கள், கம்பி இறங்குகிறது, கலம் பறக்கிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. லோகப்பிரியா என் பேச்சைக் கேட்கவில்லை. அழுத்தத்தை வெளியேற்றும் வால்வைத் திறந்துவிட்டாள். மறுபடி சூடேற்றுவதற்குள் அனுமதி முடிந்துவிடும். இத்தனை வருட உழைப்பு அத்தனையும் ஆவியாய் மேலே போனது. அவள் அழுதாள், தனபாலும் அழுதார். என் பொறாமை போய் அவள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

5

அனுமதி மறுபடி கிடைத்ததா? எழுத மாட்டேன். கிடைக்காமலே போனாலும் அவள் செய்தது சரி என்று சொல்லக்கூடியவர்கள் மட்டும் உங்கள் மனதில் அந்தக் கலத்தைப் பறக்கவிடுங்கள்.