நடைச்சீட்டு இல்லாத மனிதர்

பெரிய கம்பெனி செம்புச் சுரங்கத்தைப் பூட்டிவிட்டுப் போன இரண்டாம் ஆண்டுக் கோடையில், அங்கே பாறை துளைக்கும் வேலை பார்த்ததால் டிரில்லர் என்று பேராகிவிட்டவர் மதியச் சாப்பாடு முடிந்து படுத்ததும் இரும்புக் கட்டில் நடுவில் மடிந்து தரையைத் தொட்டது. அவர் பெருத்துவிடவில்லை. பழைய சட்டை அப்படியே பொருந்தியது, பெல்ட்டும் அதே ஓட்டையில்தான் நின்றது. ஆனாலும் மனைவியும் அவள் தம்பியான மச்சானும் பக்கத்து வீட்டு ஆண்களும் சேர்ந்து இழுத்துப் பார்த்தும் அவரை அசைக்க முடியவில்லை. கடைசியில் அவராகவே எழுந்து, "கட்டில் பழசு" என்றார். அந்த வாரம் வாசற்படி இரண்டாகப் பிளந்தது. பழைய இரும்புக் கடையின் எடைமேடையில் அவர் ஏறி நிற்க, முள் ஒரு முழுச் சுற்றுப் போய் அங்கேயே சிக்கிக்கொண்டது. அவர் மார்பை விரலால் தட்டிப் பார்த்த டாக்டர் நகம் வலித்துக் கையை உதறினார். எக்ஸ்ரே முழுக்க வெள்ளையாக வந்தது. உப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தக் காலத்தில் ஊரில் எல்லார் வீட்டுப் பின்புறத்திலும் ஒரு குழி இருந்தது. மிச்சமிருக்கும் செம்பு டீசல் செலவுக்குக்கூடக் கட்டாது என்று கணக்குப் பார்த்த கம்பெனி, சுவரிலிருந்த சுவிட்சுகளைக்கூடக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. இனி சிறு சுரங்கம்தான் எதிர்காலம், அவரவர் நிலத்தில் அவரவர் தோண்டலாம் என்று அரசாங்கம் ஒலிபெருக்கி வைத்து அறிவித்தது. வேலையிழந்தவர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். தெரு முழுக்கக் கப்பியும் ஜெனரேட்டரும் புகையுமாக ஆனது. சமையலறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து குழம்பில் விழுந்தது. ஓர் இடத்தில் பக்கத்துப் பக்கத்துக் குழிகள் அடியில் ஒன்றாகிவிட, ஆண்கள் கீழே மண்வெட்டியாலும் பெண்கள் மேலே வாயாலும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டார்கள். அறிவிப்பு வந்ததே தவிர பர்மிட் யாருக்கும் வரவில்லை. பெரிய கம்பெனிக்கென்று எழுதிய அதே விண்ணப்பத்தைத்தான் கனிமத்துறை இவர்களுக்கும் நீட்டியது. ஹெலிகாப்டர் எங்கே இறங்கும், தொழிலாளர் மருத்துவமனையில் எத்தனை படுக்கை என்றெல்லாம் அது கேட்டது. ஹெலிகாப்டருக்கு நேரே டிரில்லரின் மனைவி "எங்கள் மொட்டை மாடி" என்று எழுதிக் கொடுத்தாள். அது ஓட்டு வீடு என்று நேரில் வந்து பார்த்து நிராகரித்தார்கள்.

வங்கியும் கைவிரித்தது. குழி என்பது ஒன்றும் இல்லாத இடம், ஒன்றும் இல்லாததை அடமானம் பிடித்து எப்படிக் கடன் கொடுப்பது என்று மேலாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அதனால் டிரில்லர் டயர்க்கடை முதலாளியிடம் போனார். அவர் கம்ப்ரசரும் கல்லை மேலே இழுக்க வின்ச்சும் வாங்கிப் போட்டார். குழியிலிருந்து எது வெளியே வந்தாலும் பாதி தனக்கு என்று பேச்சு. டிரில்லர் உள்ளே இறங்கிப் பாறையைத் துளைக்க, மச்சான் மேலே வின்ச் சுற்றினான். சாம்பல் கல்தான் வந்தது, கல்லுக்குப் பின்னால் தூசி வந்தது. தூசியை அவர் மூச்சோடு இழுத்தார், சோற்றோடு விழுங்கினார். பிறகு அவர் வேர்வை பச்சையாகச் சட்டையில் படிய ஆரம்பித்தது. மனைவி புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. ஒருநாள் அவர் காலையும் அப்படியே தேய்த்துவிட்டாள். அது பளீரென்று சிவப்பாக மின்னியது. அவள் பயப்படவில்லை. வெயில் காலத்தில் அவர் முதுகில் கன்னத்தை வைத்துப் படுத்தால் குளுகுளுவென்று இருக்கிறது என்று தன் தம்பியிடம் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம்.

தம்பி அன்றிலிருந்து அக்காள் புருஷனின் நகத்தைத் தானே வெட்டிவிட முன்வந்தான். தாது வாங்கும் வியாபாரி அந்த நகத்தை அமிலத்தில் போட்டுப் பார்த்து, இத்தனை சுத்தமான செம்பு கம்பெனி நாளிலும் வந்ததில்லை என்றான். நகம் வளர்கிற வேகம் மச்சானுக்குப் போதவில்லை. டிரில்லர் சுவரில் சாய்ந்து கண்ணயரும் மதியங்களில் அவன் அரத்தை எடுத்துக்கொண்டு குதிகாலைத் தேய்த்தான். அவர் விழித்துக்கொண்டும் கண்ணைத் திறக்கவில்லை. பையனுக்கு வேறு வேலை இல்லை, கொஞ்சம்தானே என்று இருந்துவிட்டார். நொண்ட ஆரம்பித்த பிறகுதான் அக்காள் கண்டுபிடித்தாள்.

"அவர் காலை அராவியா தின்னே? அந்த அரத்தை முழுங்குடா, பார்க்கறேன்" என்று துடைப்பத்தை எடுத்தாள். அவன் அரத்தோடு ஓடி நேரே டயர்க்கடையில் போய் நின்றான்.

மறுநாள் காலை டயர்க்கடை முதலாளி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "குழியிலேர்ந்து எது வெளிய வந்தாலும் பாதி என்னுது. இவரும் தினம் அந்தக் குழியிலேர்ந்துதானே வெளிய வந்தாரு?"

"தாராளமா எடுத்துக்கங்க" என்றாள் மனைவி. "எந்தப் பாதி வேணும்? குறட்டை விடற பாதியா, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத பாதியா?"

தெருவும் அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. தங்கள் குழிகள் வறண்டதற்குக் காரணம் இப்போது புரிந்துவிட்டது என்றார்கள். மண்ணுக்கடியில் இருந்ததையெல்லாம் இந்த ஆள் ஒருத்தர் உறிஞ்சிக் குடித்துவிட்டார். கூடச் சுரங்கத்தில் இறங்கி ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவர்கள் அவர் வீட்டு மேல் கல்லெறிந்தார்கள். அவர் வெளியே வந்து திட்டுகளைக் கேட்டுக்கொண்டு நின்றார். மேலே பட்ட கற்கள் உடைந்தன. அவருக்கு வலிக்கவில்லை; வலிக்கவில்லை என்பதுதான் அவரை அழவைத்தது. கண்ணீர் காய்ந்த இடம் பச்சையாக இருந்தது.

கனிமத்துறை அதிகாரி ஜீப்பில் வந்தார். கோபக்காரர் அல்ல. நாட்டிலுள்ள கனிமம் அனைத்தும் அரசுடையது என்றும், அதைப் பர்மிட் இல்லாமல் எடுத்ததும் வீட்டில் பதுக்கியதும் குற்றம் என்றும் பொறுமையாக விளக்கினார். டிரில்லர் முடிவெட்டப் போய்வந்ததை யாரோ போட்டுக்கொடுத்திருந்தார்கள். கனிமத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக நடைச்சீட்டு வேண்டும். அவர் கடைவரை நடந்து போயிருக்கிறார், திரும்பியும் நடந்து வந்திருக்கிறார், ஆக இரண்டு குற்றம். கடையில் கூட்டிவைத்திருந்த முடியை ஊழியர்கள் சாக்கில் கட்டினார்கள். அதில் ஊரார் முடியும் கலந்திருந்ததால் ஊராருக்கும் நோட்டீஸ் போனது. டிரில்லரின் மணிக்கட்டில் கம்பியைச் சுற்றி ஈய முத்திரை வைத்துவிட்டு, வழக்கு முடியும்வரை வாசலைத் தாண்டக் கூடாது என்று எச்சரித்தார் அதிகாரி. டிரில்லர் வாசலைத் தாண்டவில்லை. உட்கார்ந்த இடத்தில் தரை இறங்கியது, சாய்ந்த இடத்தில் சுவர் பிளந்தது. மனைவி முட்டுக்கொடுத்த கட்டைகள் ஒவ்வொன்றாக முறிந்தன. "கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் நில்லுங்களேன்" என்று ஒருநாள் கத்திவிட்டு, கத்தியதற்காக அடுப்படியில் போய் அழுதாள்.

வழக்கு முடிகிறவரை அவரை அரசுக் கிடங்கில் வைப்பது என்று உத்தரவானது. கிடங்குக்கு வாடகை டயர்க்கடை முதலாளி கொடுப்பதாகவும், பிறகு பங்கு பேசிக்கொள்வதாகவும் கனிமத்துறைக்கும் அவருக்கும் ஏற்பாடு. கிரேனும் லாரியும் பின்வாசலில் வந்து நின்றன. கிரேனுக்குப் பக்கத்தில் மச்சான் கையில் சங்கிலியுடன் நின்றான். மனைவி அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு, முதலில் வருகிறவன் தலை தேங்காய்தான் என்று சத்தம் போட்டாள். தெருவே மதில் மேல் ஏறி வேடிக்கை பார்த்தது. டிரில்லர் எழுந்து எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து குழியின் விளிம்புக்குப் போனார்.

"என்னங்க, எங்க போறீங்க?"

"கீழ."

"என்னை இவனுங்ககிட்ட விட்டுட்டா?"

"மேல இருந்தா வீடு விழுந்துடும். உன் மேலதான் விழும்" என்றவர் அவள் கையிலிருந்த அரிவாள்மனையை வாங்கி ஓரமாக வைத்தார். ஏணி தாங்காது என்று தெரியும், அதனால் ஏணியைத் தொடவில்லை. சும்மா ஒரு காலை எடுத்து வைத்தார்.

தெருவில் எல்லார் வீட்டுப் பாத்திரமும் உருண்டது. தூசி அடங்க வெகுநேரம் ஆனது. மனைவி மண்ணில் குப்புற விழுந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அதுவரை அவரை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அடியிலிருந்து, "ஒண்ணும் ஆகல. இங்க தரை நல்லா கெட்டியா இருக்கு" என்று குரல் வந்தது.

"சீக்கிரம் எடுங்க சார்" என்றார் டயர்க்கடை முதலாளி.

அதிகாரி எட்டிப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "பூமிக்குள்ள போயிடுச்சே. இனிமே எடுத்தா அது சுரங்கம் தோண்டறது. பர்மிட் வேணும்."

"யார் கொடுக்கணும்?"

"நான்தான்."

"அப்போ கொடுங்க."

"விண்ணப்பம் போடுங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

விண்ணப்பம் போட்டார்கள். ஹெலிகாப்டர் இறங்குவதற்காக டயர்க்கடை முதலாளி ஊருக்கு வெளியே நிலம் வாங்கிச் சமன் செய்தார். அதிகாரிகள் மாறினார்கள், விதிகள் மாறின, முதலாளிக்குச் சர்க்கரை வந்து ஒரு காலை எடுத்தார்கள். மச்சான் ஒருமுறை திருந்திவிட்டதாக வந்து நின்றான். அக்காள் கதவைத் திறந்து, பார்த்து, மூடினாள். அவள் வாளியில் சோறும் துவைத்த சட்டையும் இறக்குவாள். மாலையில் விளிம்பில் உட்கார்ந்து தெருவில் யார் யார் என்ன பேசினார்கள் என்று அவருக்கு ஒப்பிப்பாள்; அவர் பதில் சொல்லாவிட்டால் சின்னக் கல்லை எடுத்துப் போடுவாள். கல்லெறிந்தவர்களில் யாரும் அவள் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. அவர்களில் செத்தவர் வீட்டுக்குக்கூட அவள் போகவில்லை.

சென்ற ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுக்க வெளியூர் ஆசிரியை ஒருத்தி வந்தாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டு பேர் என்றாள் மனைவி. குடும்பத் தலைவர் எங்கே என்றதற்குப் பின்புறம் கைகாட்டினாள். ஆசிரியை குழி விளிம்பில் குனிந்து, சத்தமாக வயதைக் கேட்டாள். கீழிருந்து பதில் வந்தது. குறித்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள்.