நார்லிஓவாவின் இடது பக்கம்

சனிக்கிழமை காலையில் சுபாஸ்கரன் தன் வேலை வான் வண்டியைக் கழுவினார். கழுவி முடிந்ததும் பின்கதவைத் திறந்து வயர்ச் சுருள்களையும் துளை போடும் மெஷினையும் கீழே இறக்கி, தூசு தட்டி, திரும்பவும் அடுக்கினார். அவர் எலெக்ட்ரீஷியன். தெற்கு லண்டனில், மோர்டனில் அந்தத் தெருவுக்கு வந்த நாள் முதல் சனிக்கிழமைகளில் அவர் இப்படி வேலை செய்து யாரும் கண்டதில்லை.

மனைவி சுசிலா கதவடிக்கு வந்தாள். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பகல் ஷிப்ட். சீருடையோடு நின்றாள்.

"இஞ்சேருங்கோ, நேற்றும் கழுவினீங்கள்."

"ஊத்தையாக் கிடக்கு."

"கண்ணாடி மாதிரிக் கிடக்கு. பிள்ளையோட கதைக்கப் பயந்து வெளியில நிக்கிறீங்கள்."

உண்மைதான். மகள் துஷ்யா உள்ளே இருந்தாள். இருபத்துநாலு வயது. கிழமை நாட்களில் மருந்து விற்கிற பாமசியில் வேலை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் லண்டன் பெண்கள் அணி ஒன்றுக்காக இடது பக்கப் பின்வரிசையில் புட்போல் விளையாடுகிறவள். அவளோடு முன்பு விளையாடிய ஒருத்தி இப்போது துருக்கியில் இருந்தாள். அவள் சொல்லித்தான் அந்த அழைப்பு வந்தது. நார்லிஓவா ஸ்போர் என்ற கிளப். தெற்குத் துருக்கியில் ஒரு ஊர். ஒரு சீசனுக்கு ஒப்பந்தம். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

துஷ்யா அந்த ஊரின் பெயரைச் சொன்ன அன்றே சுபாஸ்கரன் போனில் தேடிப் பார்த்தார். முதலில் வந்த படத்தில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்று பாதியாகப் பிளந்து நின்றது. நாலாம் மாடியில் யாரோ ஒருவருடைய திரைச்சீலை வெளியே தொங்கியது. இரண்டாயிரத்து இருபத்துமூன்று பெப்ரவரி நிலநடுக்கம். அதற்குப் பிறகு அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வேலைக்குப் போகிற இடங்களில் ஏணியில் ஏறுவதற்கு முன்னால் சுவரைத் தட்டிப் பார்த்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வானுக்குள் இருந்தபடி அந்தக் கிளப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் போனில் மொழிபெயர்த்து வாசித்தார். மொழிபெயர்ப்பு கோணல்மாணலாக இருந்தது. 'மாதுளைகள் தங்கள் வீட்டில் அழுதன' என்று ஒரு இடத்தில் வந்தது. மாதுளைகள் என்பது அணியின் செல்லப் பெயர் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போயிற்று.

முந்தின நாள் இரவுச் சாப்பாட்டில் ஒருமுறை கதைத்துப் பார்த்திருந்தார்.

"கிளப் லீக்கை விட்டு விலகினது தெரியுமோ?"

"தெரியும் அப்பா. ரெண்டு சீசன் விளையாடேல்லை. இப்பதான் திரும்ப வருகினம். அதுதான் ஆள் தேடுகினம்."

"ஏன் ஆள் இல்லாமல் போனதெண்டு யோசிச்சனியோ?"

துஷ்யா கரண்டியை வைத்துவிட்டாள். "யோசிச்சனான்."

அந்தப் பெண்கள் அணியில் மூன்று பேர் இடிபாடுகளுக்குள் செத்துப்போனார்கள். அவரும் வாசித்திருந்தார், அவளும் வாசித்திருந்தாள். இரண்டு பேருமே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"வடக்கு லண்டனில, எட்மண்டனில அந்த ஊர்ச் சனத்தின்ர சங்கம் ஒண்டிருக்காம்," என்றாள் சுசிலா இப்போது. "துஷ்யாதான் சொன்னவள். போய்க் கேட்டுட்டு வாங்கோவன். இதிலயே நிண்டால் வானுக்குப் பெயின்ற்றும் அடிப்பீங்கள்."

மோர்டன் நோர்தேர்ன் லைனின் கடைசி ஸ்டேஷன். ரயில் வெறுமையாகக் கிடந்தது. சுபாஸ்கரன் இருக்கையில் இருக்கவில்லை, கதவோடு நின்றார். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மாறி வடக்கே போகிற ரயிலிலும் நின்றார். எட்மண்டனுக்கு ஒரு ஸ்டேஷன் இருக்கும்போதே பொறுக்க முடியாமல் இறங்கி நடந்தார். நடக்கும்போது, போய் என்ன கேட்பது என்று யோசித்தார். அனுப்ப வேண்டாம் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்றுதான் தோன்றியது.

சங்கம் ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது. கடைக்காரர் ஒர்ஹான்தான் சங்கத் தலைவரும். அறுபது வயதிருக்கும், கையில் ஒரு கோட்டோடு மேலே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தட்டுத்தடுமாறியது. ஒரு இடத்தில் சுபாஸ்கரன் வாய் தவறி ஜேர்மன் மொழியில், டொச்சில், ஒரு சொல் சொல்லிவிட, ஒர்ஹான் கோட்டைக் கீழே போட்டார்.

"ஜேர்மனியா? எங்கே?"

"டோர்ட்முண்ட். பதினொரு வருசம். ரெஸ்டோரண்ட் குசினியில வேலை."

"நான் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு ஸ்டுட்கார்ட்டில் வளர்ந்தவன்!"

அதன் பிறகு இருவரும் டொச்சில் பேசினார்கள். ஒர்ஹானின் மனைவி நூரான் சிறு கண்ணாடிக் குவளைகளில் தேநீர் வைத்தாள். அவளுக்கு டொச் தெரியாது; சுபாஸ்கரன் எதற்கு வந்தார் என்பதை ஒர்ஹான் துருக்கி மொழியில் சொல்லிவைத்தார். ஜன்னலோரம் இருந்து இருவர் முகத்தையும் பார்த்தாள்.

கிளப்பைப் பற்றிக் கேட்டதும் ஒர்ஹான் எழுந்து நின்றே சொன்னார். ஊரில் முதலில் மூன்று சின்ன அணிகள். ரயில்வேக்காரர்களுக்கு நீலம், பஞ்சு ஆலைக்காரர்களுக்குச் சிவப்பு, பள்ளிக்கூட வாத்திமாருக்கு வெள்ளை. ஊருக்கு ஒரு கிளப் இருந்தால்தான் தேசிய லீக்கில் இடம் என்று அறுபதுகளில் சொல்லப்பட்டபோது மூன்றையும் சேர்த்தார்கள். நிறத்தில் அடிபாடு. கடைசியில் சிவப்பும் வெள்ளையும் என்று முடிவாயிற்று.

"என் அப்பா ரயில்வே. பத்து வருடம் நீலத் தொப்பி போட்டுக்கொண்டே மைதானத்துக்குப் போனார். எங்கள் அணி கோல் அடித்தாலும் கை தட்டமாட்டார். ஆனால் ஒரு ஆட்டமும் தவற விட்டதில்லை."

சுபாஸ்கரன் சிரித்துவிட்டார். அதற்காக அவர் வரவில்லை.

"ஒரே ஒரு சீசன் முதல் பிரிவில் விளையாடினோம். இஸ்தான்புல்லிலிருந்து பெரிய கிளப் வந்தது. ஒன்றுக்குப் பூச்சியம், நாங்கள் வென்றோம். கோல் அடித்தவன் அதுவரை ஊர் பஸ் ஓட்டினவன். அடுத்த நாள் அவன் பஸ்ஸில் ஏறினபோது யாரும் டிக்கெட் காசு வாங்கவில்லை என்று சொல்லுவார்கள், பொய்யாகவும் இருக்கலாம். அந்த வருடமே கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டோம். பிறகு ஏறினோம், இறங்கினோம். பெண்கள் அணி தொடங்கினோம். அவர்கள்தான் எங்கள் ஆண்களை விட நன்றாக விளையாடினார்கள். பிறகு..."

நிலநடுக்கத்துக்குப் பிறகு மைதானத்தில் ஹெலிகொப்டர்கள் இறங்கின என்றார். கோல் கம்பத்துக்கு முன்னால் கூடாரம் போட்டுக் குடும்பங்கள் இருந்தன. புல் முழுக்கச் செத்துப்போயிற்று. இப்போது திரும்ப விதைத்திருக்கிறார்கள்.

"உங்கள் மகளை அனுப்புங்கள். நான் சொல்லுகிறேன். எங்கள் ஊர் அவளைத் தலையில் வைத்துத் தாங்கும்."

அப்போது நூரான் முதல் தடவையாக வாய் திறந்தாள். ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அனுப்பாதீர்கள்."

ஒர்ஹான் திரும்பிப் பார்த்தார். இருவரும் துருக்கி மொழியில் வாக்குவாதப்பட்டார்கள். குரல்கள் ஏறின. சுபாஸ்கரனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பெலின் என்ற ஒரு பெயர் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. நூரான் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கேட்க வந்த சொல் கிடைத்துவிட்டது. திரும்பி வருகிற ரயிலில் அவருக்கு இடமும் கிடைத்தது. இருந்தார். இரண்டு ஸ்டேஷன் போவதற்குள் எழுந்துவிட்டார். மகளிடம் போய் அந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னால் அவள் நம்புவாள், ஒருவேளை போகாமல் நின்றும்விடுவாள். அப்படி நின்றால் திங்கட்கிழமை காலை அவள் பாமசிக்குப் போவதைத் தான் எப்படிப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் துஷ்யா பின்வளவில் பந்தை மதிலில் அடித்துக்கொண்டிருந்தாள். சுபாஸ்கரன் எல்லாவற்றையும் சொன்னார். நீலத் தொப்பி, பஸ் ஓட்டினவன், ஹெலிகொப்டர், எல்லாம். கடைசியில், "அந்த மனிசி அனுப்ப வேண்டாமெண்டு சொன்னவ," என்றார்.

"ஏனெண்டு கேட்டனீங்களோ?"

"இல்லை."

துஷ்யா பந்தைக் காலுக்கடியில் நிறுத்தினாள். "அப்பா, எனக்குப் பயமில்லை எண்டு நான் சொல்லேல்லை. ஆனா காலமை எழும்பினால் புட்போலுக்கு மட்டும் போக வேணும் எனக்கு. ஒரு வருசமாவது. இஞ்ச ஒருத்தரும் அப்பிடிக் கேக்கேல்லை. அவையள் கேட்டவை."

சுபாஸ்கரன் மதிலைப் பார்த்தபடி நின்றார். பந்து பட்டுப் பட்டு வெள்ளை உரிந்திருந்தது.

"இருக்கப்போற வீடு எத்தினை மாடி?"

"ரெண்டு."

"எந்த வருசம் கட்டினது?"

"போன வருசம்."

"படம் அனுப்பச் சொல்லு. தூணெல்லாம் தெரிய வேணும். கரண்ட் மெயின் போர்ட்டையும் படம் எடுக்கச் சொல்லு. அது நான் பாக்காமல் நீ போக ஏலாது."

துஷ்யா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவளுடைய வியர்வை அவர் சேர்ட்டில் ஒட்டியது.

ஓகஸ்ட் கடைசியில் புறப்பட்டாள். விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒர்ஹானும் நூரானும் வந்தார்கள். சுபாஸ்கரன் புறப்படுகிற நாளை ஒர்ஹானுக்குச் சொல்லியிருந்தார், ஆனால் வருவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நூரான் ஒரு பையைத் துஷ்யாவின் கையில் வைத்தாள். தடித்த கம்பளி மேலங்கி ஒன்று, மருந்துகள், ஒரு தொலைபேசி இலக்கம்.

"இது என் அக்காவுக்கு. பெலினின் அம்மா. பெலின் உன் அணியில்தான் விளையாடினாள்," என்றாள். "நான் போகவேண்டாம் என்றுதான் சொன்னேன். இப்பவும் அதுதான். ஆனால் போகிறாய் என்றால் வெள்ளிக்கிழமைகளில் அக்கா வீட்டில் சாப்பிடு. அவள் தனியாக இருக்கிறாள்."

சுசிலா நூரானுடைய கையைப் பிடித்தாள். விடவில்லை. துஷ்யா உள்ளே போன பிறகும் இரண்டு பெண்களும் அப்படியே நின்றார்கள்.

அடுத்து வந்த கிழமைகள் சுபாஸ்கரனுக்குப் பொல்லாதவை. நிலநடுக்கம் வந்தால் அறிவிக்கிற ஆப் ஒன்றைப் போனில் போட்டார். அந்தப் பக்கத்தில் சின்ன அதிர்வுகள் ஓயாமல் வரும். போன் அதிரும்போதெல்லாம் ஏணியிலிருந்து இறங்கி மகளுக்குப் போன் எடுத்தார். பயிற்சியில் இருந்தவள் இரண்டு தடவை ஏசினாள். கடைசியில் சுசிலா போனைப் பறித்து ஆப்பை அழித்தாள். "ரிக்டர் மூண்டுக்குக் கீழ வந்தால் அங்க ஒருத்தரும் திரும்பியும் பாக்கமாட்டினமாம்," என்றாள்.

முதல் சொந்த மைதான ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்மண்டனில் சங்க அறை நிறைந்திருந்தது; சுபாஸ்கரனும் சுசிலாவும் போயிருந்தார்கள். பெரிய திரையில் அந்த ஊர் மைதானம் தெரிந்தது. ஒரு பக்க இருக்கைகள் இன்னும் கட்டி முடியவில்லை. புல் அங்கங்கே மஞ்சளாக இருந்தது. பதினொரு பெண்கள் வரிசையாக நிற்க, துஷ்யாவும் நின்றாள். சிவப்பும் வெள்ளையும் போட்டிருந்தாள்.

ஒலிபெருக்கி ஒரு பெயரைச் சொன்னது. மைதானத்தில் இருந்த எல்லோரும் ஒரே குரலில் ஏதோ திருப்பிச் சொன்னார்கள்.

"அணியில் செத்துப்போனவர்களின் பெயர்," என்று ஒர்ஹான் மெதுவாகச் சொன்னார். "நாங்கள் 'இங்கே' என்று சொல்லுவோம்."

இரண்டாவது பெயர். அறையில் இருந்தவர்களும் சேர்ந்து சொன்னார்கள். மூன்றாவதாகப் பெலினின் பெயர் வந்தபோது எல்லோரையும் முந்திக்கொண்டு நூரானின் குரல் வந்தது. கத்தினாள். சுசிலாவும் கூடவே சொன்னாள், உச்சரிப்பு எப்படியோ இருந்தது. சுபாஸ்கரன் எழுந்து நின்றார்.

ஆட்டம் தொடங்கியது. பத்து நிமிடத்தில் துஷ்யா பந்தை எதிராளியின் காலுக்கே கொடுத்தாள். கோல். அறை முழுக்க முனகியது. இடைவேளைக்குப் பிறகு அவள் பக்கத்தாலேயே இன்னொன்று.

"உங்கள் மகள் எங்கே நிற்கிறாள்?" என்று ஒர்ஹான் தலையில் கை வைத்தார்.

"நடுவில நிக்கிறவை என்ன செய்யினம்?" சுபாஸ்கரன் தமிழிலேயே பாய்ந்தார். பிறகு டொச்சில் திரும்பச் சொன்னார். இருவரும் ஆட்டம் முடியும்வரை சண்டை பிடித்தார்கள். அணி மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றது.

மாலையில், அவர்கள் சங்க அறையில் இருக்கும்போதே, துஷ்யா போன் எடுத்தாள்; சுபாஸ்கரன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, பாத்தனீங்களே? ரெண்டாவது கோல் என்ர பிழை."

"முதலாவதும்தான்," என்றார் சுபாஸ்கரன்.

அவள் சிரித்தாள். பின்னால் ஒரு பெண் துருக்கி மொழியில் எதையோ சாப்பிடச் சொல்லுவதுபோல் அதட்டிக்கொண்டிருந்தாள். தன் அக்காவின் குரலைக் கேட்டதும் நூரான் பாய்ந்து வந்து போனை வாங்கி, ஜன்னலடிக்குக் கொண்டுபோய்க் கதைக்கத் தொடங்கினாள். திருப்பித் தர வெகுநேரம் ஆயிற்று.