சாப்பாட்டு நேரத்துப் பேச்சு

"அந்தப் பொண்ணு எங்க எறங்கும், எந்த வழியா நடக்கும்னு உனக்கு யாருப்பா சொன்னா?" என்று மஃப்டியில் இருந்த பெண் எஸ்.ஐ. கேட்டார்.

ஸ்டீவ் தலையைத் தூக்கவில்லை. "எங்கம்மாதான்."

ஜெபமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஷிப்டுக்குப் பாதியில் கூப்பிட்டதால் யூனிபார்மோடு ஸ்டேஷனுக்கு ஓடிவந்திருந்தாள். வேறு யாரையோ சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். எஸ்.ஐ. தன் பக்கம் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

இசைவாணி தென்காசிப் பக்கத்துப் பெண், கம்பெனியில் வேலை செய்யும் லைனில் ஜெபமணிக்குப் பக்கத்து இடம். முந்தாநாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஏரிக்கரை வழியாக ஹாஸ்டலுக்கு நடந்தவளிடம் பைக்கில் வந்த இரண்டு பேர் செல்போனைப் பிடுங்கினார்கள். விடாமல் பிடித்ததில் தரதரவென்று இழுபட்டு மணிக்கட்டு முறிந்துபோனது. ஆஸ்பத்திரியில் ஜெபமணிதான் இட்லி ஊட்டிவிட்டாள். "கட்டையில போறவனுங்க, எவ பெத்ததோ" என்று வாய் ஓயாமல் திட்டியவளும் அவள்தான்.

போன வருஷம் சேரப்பணஞ்சேரிப் பையன்கள் சிலர் காப்பர் ஒயர் திருடி மாட்டிக்கொண்டபோது ஸ்டீவ் படிக்கும் பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களைக் கூட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ல வந்த சசிரேகா மேடம், "வூட்ல பேச ஆள் இல்லாத பசங்கதான் வெளிய ஆள் தேடுதுங்க. தெனம் ஒருவேளையாவது ஒண்ணா ஒக்காந்து சாப்பிடுங்க. உங்க நாள் எப்படிப் போச்சுன்னு மொதல்ல நீங்க சொல்லுங்க" என்றார். மற்ற அம்மாக்கள் கேட்டைத் தாண்டும்போதே அதை மறந்துவிட்டார்கள். ஜெபமணி வேதவசனம்போலப் பிடித்துக்கொண்டாள். புருஷன் ஏசுதாஸ் லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். பிள்ளைக்கு இருப்பது தான் ஒருத்திதானே என்று, ஓ.டி. முடிந்து இடுப்பு விட்டுப்போனாலும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேசினாள். சூப்பர்வைசர் கத்தியது, கேன்டீன் குழம்பு, இசைவாணி காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தனியாகவே நடப்பது, எல்லாம்தான். "அந்த அக்கா ஹாஸ்டலு எங்கம்மா கீது?" என்று அவன் கேட்டபோது மனசு குளிர்ந்துபோனது. மனுஷர்களைப் பற்றி விசாரிக்கிற பிள்ளை என்று சர்ச்சில்கூடச் சொல்லிப் பூரித்தாள். தன் நாளைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. பாவி, நான் எப்படிக் கவனிக்காமல் போனேன்?

"அவனுங்களாண்ட ஏன்டா சொன்ன?" அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பைக் ஓட்டத் தருவானுங்க. இன்னா மேட்டருன்னு கேட்டுக்கினே இருப்பானுங்க. எங்கிட்ட சொல்றதுக்கு வேற எதுவும் இல்லம்மா."

நாளைக்குச் சிறுவர் நீதிக் குழுமத்துக்கு அழைத்துவர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அவனை அவளோடு அனுப்பினார்கள். ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்து, கை பழகிய பழக்கத்தில் இரண்டு தட்டு வைத்தாள். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள்.

"இசைவாணி அக்காவுக்கு இப்ப எப்படிம்மா கீது?"

நிமிர்ந்தாள். அவன் கண் கலங்கியிருந்தது. அது அழுகைதானா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் கதவோரக் கட்டிலில் தனியாகப் படுத்திருக்கிறாள். நாளைக்கு ஹாஸ்டலுக்குத் திரும்பிவிடுவாள். இதெல்லாம் ஜெபமணியின் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

விரல்களில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது. எதிரில் அவன், சாப்பிடாமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.