கண்ணாடி போல் மின்னிய ஹீட் சிங்க்

ஊரில் பாதிப் பேர் என் கணவர் குந்தோரோவை அவருடைய சத்தத்துக்காக மதித்தார்கள். மீதிப் பேர் அதற்காகவே சபித்தார்கள். ஆகஸ்ட் மாத சுதந்திர தின ஊர்வலத்தில் எங்கள் ஸ்பீக்கர் லாரி தெருவில் திரும்பினால் கூரை ஓடு நழுவும். அதற்குள் இருந்த எட்டு ஆம்ப்ளிஃபையர்களையும் நாங்கள் இருவரும்தான் வீட்டுப் பின்கட்டில் செய்தோம். சர்க்யூட் அவர் பொறுப்பு, சூட்டை வாங்கி வெளியேற்றும் அலுமினியக் கட்டையான ஹீட் சிங்க் என் பொறுப்பு.

பொறுப்பு என்றால் தேய்க்கிற வேலை. பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கும் அலுமினியம் எதுவும் சமமாக இருக்காது. தடித்த கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டுவேன். ஹீட் சிங்கின் முகத்தில் மார்க்கர் பேனாவால் கோடு கோடாக இழுத்து, கவிழ்த்துத் தேய்ப்பேன். மேட்டில் கோடு அழியும், பள்ளத்தில் நிற்கும். கடைசிக் கோடும் அழிந்தால்தான் டிரான்சிஸ்டர் அதில் முழுசாக உட்காரும், சூடு இறங்கும். இல்லாவிட்டால் தனக்குள்ளேயே வெந்து போகும்.

அந்த வருஷம் பக்கத்து ஊர் ஜாரோட் புது லாரி இறக்கியிருந்தான். அவனுடைய ஆம்ப்ளிஃபையர்கள் பளபளவென்று மின்னுவதை ஊரே போனில் பார்த்தது. என் வீட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது. ஊர்வலத்துக்கு முந்தின நாள், நான் தேய்க்காமல் மிச்சமிருந்த எட்டாவது ஹீட் சிங்கை பைக் சைலன்சருக்கு பாலிஷ் போடும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"பாருடி வீஜி, இதுல மொகம் பாத்து ஷேவ் பண்ணலாம்!"

வாங்கி ஜன்னலுக்கு எதிரே பிடித்தேன். ஜன்னல் கம்பிகள் நடுவில் நேராகத் தெரிந்தன, ஓரத்தில் வளைந்தன. பாலிஷ் சக்கரம் ஓரங்களைத் தின்றிருந்தது. அவரை நான் மஸ் என்றுதான் கூப்பிடுவேன்.

"மஸ், ரெண்டு ஓரமும் எறங்கிப் போச்சு. கடைசி டிரான்சிஸ்டர் அந்தரத்துல நிக்கும். ஒரு நாள் குடுங்க, தேச்சுத் தரேன்."

"ஊர்வலமே நாளைக்குதான்டி. சூடு கடத்துற பேஸ்ட்ட கொஞ்சம் கூடப் பூசிக்கலாம்."

"பேஸ்ட் என்ன சம்பாலா, நெறைய வச்சா ருசிக்க? அது மயிரிழை சந்துக்குத்தான். பள்ளத்துல அப்பினா சூடு அங்கயே நின்னுக்கும். ஏழோட போங்களேன்."

"ஏழோட போய் ஜாரோட்கிட்ட தோக்கறதுக்கு வீட்டுலயே படுத்துக்கலாம். உன் கையில உப்புத்தாளக் குடுத்தா மலையையே தட்டையாக்கிருவ, தாயே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எரிச்சலில் இருக்கும்போதும் சிரிக்க வைக்கிற மனுஷன். அவரே வெள்ளைப் பேஸ்ட்டை அப்பி, ஸ்க்ரூவை முறுக்கினார்.

மறுநாள் மதியத் தொழுகைக்குப் பிறகு வெகு நேரம் கழித்துத்தான் லாரிகள் கிளம்பின. ஸ்பீக்கர் சுவருக்குப் பின்னால் பலகையும் தார்ப்பாயும் அடித்த சின்ன அறையில், ஆம்ப்ளிஃபையர்களோடு அவர் உட்கார்ந்தார். அதிர்வில் கதவு திறந்துகொள்ளும் என்று டிரைவர் வெளியே தாழ் போடுவது வழக்கம். அன்றும் போட்டான்.

நான் பெச்செல் சாப்பாட்டுக் கடை ஓரம் கூட்டத்தில் நின்றேன். லாரி நெருங்கியது. திடீரென்று இடது பக்க அடிச்சத்தம் மட்டும் நின்றது. மற்றதெல்லாம் முன்போலவே நெஞ்சை உலுக்கியது. ஸ்பீக்கர் சுவரின் இடுக்குகளிலிருந்து புகை வந்தது. கூட்டம் கையைத் தூக்கி ஆரவாரம் செய்தது.

"புகை மெஷின்லாம் வச்சிருக்காங்கடி!" என்று பக்கத்தில் நின்றவள் என் காதில் கத்தினாள்.

எங்களிடம் புகை மெஷின் கிடையாது.

ஓடினேன். கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. டிரைவரின் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். நான் ஆடுகிறேன் என்று நினைத்து, அந்தப் பாவி கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். பின்பக்கம் தொற்றி ஏறி நானே தாழை இழுத்தேன். அவர் கதவை ஒட்டிச் சரிந்து கிடந்தார். கை முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. எவ்வளவு நேரம் தட்டினாரோ. அந்தத் தட்டல் அத்தனையையும், நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த சத்தம் விழுங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றது.

ஓரத்து டிரான்சிஸ்டர் வெந்து ஷார்ட் ஆகியிருக்கிறது. ஸ்பீக்கரைக் காக்க வேண்டிய ரிலேவும் உருகி ஒட்டிக்கொள்ள, கரண்ட் நேராக ஸ்பீக்கருக்குப் போய், பெட்டிக்குள் இருந்த பஞ்சு கருகியிருக்கிறது. நெருப்பு பெரிதாக எழவே இல்லை. அந்தப் புகையே போதுமானதாக இருந்தது.

போலீஸ் திருப்பிக் கொடுத்த ஆம்ப்ளிஃபையரை ஜாரோட்தான் ஸ்டேஷனிலிருந்து தூக்கி வந்தான். வாசலில் நின்று அழுதான்.

"அண்ணி, இத நான் எடைக்குப் போட்டுரட்டுமா? நீங்க பாக்க வேணாம்."

"வச்சுட்டுப் போ."

மறுநாள் விடிந்ததும் ஹீட் சிங்கைக் கழற்றி, காய்ந்த பேஸ்ட்டைச் சுரண்டினேன். கோடு போட்டு, கண்ணாடிமேல் கவிழ்த்துத் தேய்த்தேன். நடுவில் சீக்கிரம் அழிந்தது, ஓரங்கள் பிடிவாதம் பிடித்தன. பாலிஷ் போய், என் முகமும் அதிலிருந்து போயிற்று. அழுதுகொண்டே தேய்த்தேன், நிறுத்தவில்லை.

கடைசிக் கோடு அழிந்தபோது பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஊர்வலத்தன்று இந்த நேரத்துக்கு லாரிகள் கிளம்பியே இருக்கவில்லை.