கள்ளிப்பூச்சிச் சாயம்

சுற்றுலா பஸ் வாசலில் நின்றதுமே கம்பளம் நெய்யும் அமாதோ முற்றத்துக்கு வந்துவிடுவான். கள்ளிச்செடியில் வளர்த்துக் காயவைத்த கள்ளிப்பூச்சி நாலைந்தை உள்ளங்கையில் வைத்து நசுக்குவான். கை ரத்தமாய்ச் சிவக்கும். எலுமிச்சை பிழிந்தால் ஆரஞ்சு, சுண்ணாம்பு தூவினால் ஊதா. சுற்றுலாக்காரர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். "நம்ம கம்பளத்துல ரசாயனமே கிடையாது. எங்க சபோதெக் குலத்துப் பாட்டன்மார் சாயம்" என்பான். வழிகாட்டி ரமிரோ அதை ஆங்கிலத்தில் சொல்வான்.

சுவருக்குப் பின்னால் அவன் மனைவி செனாய்தா சாயக் கொப்பரையைக் கிளறிக்கொண்டிருப்பாள். அதில் கொதிப்பது பூச்சியல்ல, ஓஹாகா நகரத்தில் வாங்கிய ரசாயனச் சாயப் பொட்டலத் தூள். பூச்சி யானை விலை, தூள் கொள்ளை மலிவு. தூளைக் கொட்டும்போதெல்லாம் சிவப்பாகப் பறக்கும். மூக்கை மூட அவளுக்கு இருந்தது தலைத்துணி ஒன்றுதான்.

முதலில் இருமல் வந்தது. பிறகு மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. ஊர் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனான்.

"வேலை செய்யற இடத்துல ஏதாவது தூள், ரசாயனம் மூச்சுல போகுதா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

செனாய்தா வாய் திறப்பதற்குள் அமாதோ முந்திக்கொண்டான். ஊசியோடு பக்கத்தில் நின்றவள் ரமிரோவின் கூடப் பிறந்த தங்கை. அவள் காதில் விழுந்தால் ஊரே சிரிக்கும், நாளை முதல் ஒரு பஸ்ஸும் நிற்காது.

"அதெல்லாம் இல்லீங்க. கள்ளிப்பூச்சி, எலுமிச்சை, செடிகொடி. அவ்வளவுதான்."

"அப்போ அடுப்புப் புகையா இருக்கும்" என்று டாக்டரம்மா மருந்து எழுதினாள்.

வழியில் செனாய்தா கேட்டாள். "ஏன்யா, டாக்டர்கிட்ட கூடவா?"

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா வா. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

மறுநாள் இரண்டு பஸ் வருவதாக இருந்தது. அவள் கொப்பரைக்குத் திரும்பினாள்.

ஏழு மாதம் கழித்து கொப்பரை ஓரத்திலேயே சுருண்டு விழுந்தாள். நகரத்து ஆஸ்பத்திரியில் அமாதோ தூள் பொட்டலத்தை எடுத்துக் காட்டினான். பெரிய டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த வேலைய நிறுத்தச் சொல்லியிருப்பாங்க. இனி நுரையீரல் தேறாதுப்பா" என்றார். அமாதோ சுவரில் சாய்ந்து அழுதான். அழுது என்ன பயன், வெள்ளம் தலைக்கு மேல் போய்விட்டது.

செனாய்தா ஆக்சிஜன் சிலிண்டரோடு வீடு திரும்பிய வாரம் மறுபடி பஸ் வந்தது. அமாதோ பூச்சியைத் தொடவில்லை. பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தான்.

"இதுதான் எங்க சாயம். என் பொண்டாட்டி மூச்சத் தின்னது இதுதான். பூச்சியெல்லாம் வேஷம்."

ரமிரோ முகம் மாறாமல் திரும்பி, ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய கம்பளமாகப் பார்த்து எடுத்தாள்.

"என்னடா சொன்ன?"

"பொண்டாட்டி படுத்துட்டாலும் பாட்டன் சாயத்த விடமாட்டேன்னு அழுவறான்னு சொன்னேன். பொழப்பப் பாருண்ணே. சிலிண்டர் சும்மாவா வருது?"

அமாதோ பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனான். கைதட்டல் செனாய்தாவுக்கும் கேட்டிருந்தது. குழாயை விலக்கி, மூச்சுக்கு ஒரு வார்த்தையாகப் பேசினாள்.

"இப்ப கத்தி என்னய்யா பண்றது? ஊரு நம்பணும்னு சொல்ற பொய்ய ஊரு மறந்துடும். வீட்டுல இருக்கறவதான் அதுக்கு உசுரக் குடுக்கணும். வைத்தியர்கிட்டயாவது நெஜத்தச் சொல்லியிருக்கணும்யா."