மூன்றாவது பழம்

குடும்பத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அண்ணன் வைத்த பெயர். காலையில் கண் விழித்தால் ராத்திரி தூங்கும்வரை வாய் ஓயாது. அப்படிப்பட்டவள் அன்று மத்தியானம் அண்ணன் வீட்டுத் தோட்டத்தில், மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு, ஒரு செடியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். திருடத்தான், வேறு எதற்கு?

அண்ணி வளர்த்த கிளிவியாச் செடி அது. வெயில் பட்டால் இலை வெந்துவிடும். பெரிய மரத்தடி நிழலில்தான் அதற்குக் கொண்டாட்டம். பெல்ட் மாதிரி நீண்ட இலைகளுக்கு நடுவே வருஷத்துக்கு ஒரு தண்டு எழும்பி, உச்சியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாகப் பூக்கும். விதை போட்டுப் பூப்பதற்குள் நாலைந்து வருஷம் ஓடிவிடும். அண்ணி அத்தனை வருஷமும் காத்திருந்தாள். பூத்ததும் சின்ன பிரஷ்ஷால் மகரந்தத்தைத் தொட்டு வைத்துக் காய் பிடிக்கச் செய்தாள். காய் சிவப்பதற்கு மேலும் ஒரு வருஷம் ஆயிற்று. இப்போது நெல்லிக்காய் அளவில் ஒரு கொத்துப் பழம், ஒவ்வொன்றுக்குள்ளும் விதை.

ரேடியோவின் வீடு ஒரு கட்டடத்தின் பின்பக்கத் தரைத்தளம். சுற்றிலும் உயரமான சுவர். சூரியன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது. ரோஜா வைத்தாள், போய்ச் சேர்ந்தது. மல்லிகை வைத்தாள், அதுவும் பின்னாலேயே போனது. அந்த இருட்டில் பிழைத்துப் பூக்கக்கூடியது இது ஒன்றுதான். கேட்காமலா இருந்தாள்? வாய் விட்டுக் கேட்டாள்.

"போன தடவை குடுத்த கன்னைத் தண்ணி ஊத்தி ஊத்தியே அழுக விட்டுட்ட. மறுபடியுமா? உனக்குக் குடுக்கறதும் குப்பையில போடறதும் ஒண்ணுதான்" என்று அண்ணி விருந்தாளிகள் முன்னால் போட்டு உடைத்துவிட்டாள். சொன்னது உண்மைதான். உண்மை என்பதால் இன்னும் எரிந்தது.

ரேடியோ இரண்டு பழங்களைத் திருகிப் பறித்தாள். அதே சமயம் பின்னால் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. புடவையில் ஒளிக்கலாம், இலைக்கு அடியில் போடலாம், ஆயிரம் வழி இருந்தது. பதற்றத்தில் அவளுக்குத் தோன்றியதோ ஒன்றே ஒன்று. இரண்டையும் வாய்க்குள் போட்டு அடக்கிக்கொண்டாள்.

திரும்பினால் அண்ணன் மகள் வாலு. நாலு வயசு. பேருக்கேற்ற பிள்ளை.

"அத்தை, என்ன சாப்பிடற?"

"மிட்டாய்" என்றாள் ரேடியோ, கன்னம் புடைக்க.

"எனக்கு?"

"தீந்து போச்சு. போ, உள்ள போய் விளையாடு."

குளியலறைக்கு ஓடி, பழங்களைக் கைக்குட்டையில் துப்பி, முடிச்சுப் போட்டுக் கைப்பையின் அடியில் திணித்தாள். தோல் எங்கோ லேசாகக் கீறியிருக்க வேண்டும். எத்தனை தடவை கொப்பளித்தும் நாக்கில் கசப்பு போகவில்லை.

காபி ஆறுவதற்குள் தோட்டத்திலிருந்து அண்ணியின் அலறல் கேட்டது.

"பழத்தைக் காணோம்! ஐயோ, இவ வாயெல்லாம் சிவப்பா இருக்கே!"

வாலுவைத் தூக்கிக்கொண்டு அண்ணி உள்ளே ஓடிவந்தாள். குழந்தையின் உதட்டிலும் விரலிலும் சிவப்பு. ரேடியோ பயந்துதான் போனாள். பிள்ளைக்காக அல்ல. பழம் எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியுமே! அவள் பயமெல்லாம் தன் மானம் கப்பலேறிவிடுமே என்பதுதான்.

"அந்தச் செடி முழுக்க விஷம்னு எத்தனை தடவை சொன்னேன்! பழம் சாப்பிட்டியாடி? சொல்லு!"

"சாப்பிடல" என்றது குழந்தை, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு.

"ஸ்கெட்ச் பேனா சாயமா இருக்கும் அண்ணி" என்றாள் ரேடியோ. "பழத்தை ஏதாவது அணில் கொண்டுபோயிருக்கும். குழந்தைதான் இல்லைங்குதே. கொஞ்ச நேரம் பார்க்கலாமே?"

அண்ணன்கூட ஒரு நொடி தயங்கினான். அண்ணி தயங்கவில்லை. "உன் புள்ளையா இருந்தா இப்படிப் பேசுவியா?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினாள்.

நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு கார் ஆஸ்பத்திரிக்கு விரைந்தது. வாலுவின் வாயிலிருந்து எச்சில் வழிந்தபடி இருந்தது. காரில் ஏறினால் இந்தப் பிள்ளைக்குக் குமட்டும், தெரிந்த விஷயம்தான் என்று ரேடியோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்கே குமட்டத்தான் செய்தது.

"என்ன, ரேடியோ ஆஃப் ஆயிடுச்சு?" என்றான் அண்ணன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். பயந்தால் ஜோக்கடிப்பது அவன் வழக்கம். யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் நாக்கையும் நாடியையும் பார்த்தாள். "சாப்பிட்டாளா இல்லையான்னு யாருக்கும் தெரியல. சந்தேகம் வேண்டாம், குழாய் விட்டு வயித்தைக் கழுவிடுவோம். கத்துவா, உதைப்பா. நீங்க காலைப் பிடிச்சுக்கோங்க" என்று ரேடியோவைக் கூப்பிட்டாள்.

அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு சின்னக் கணுக்கால்கள். குழாயைப் பார்த்ததும் வாலு "அத்தை, வேணாம் அத்தை!" என்று வீறிட்டது. அவள் கைக்குள் அந்தக் கால்கள் வெடவெடவென்று நடுங்கின. சீ, இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, நாமும் ஒரு மனுஷியா என்று அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

"நிறுத்துங்க டாக்டர்! பழம் என்கிட்டதான் இருக்கு."

கைப்பையைக் கவிழ்த்தாள். சாவி, சில்லறை, சீப்பு எல்லாம் தரையில் உருண்டன. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, இரண்டு சிவப்புப் பழங்களை ஸ்டீல் தட்டில் வைத்தாள். "நான்தான் பறிச்சேன். திருடினேன். மன்னிச்சிடுங்க அண்ணி."

டாக்டரம்மா குழாயைக் கீழே வைத்தாள். அண்ணன் சுவரில் சாய்ந்து, "அட லூசே! உசிரே போச்சுடி எங்களுக்கு!" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறிற்று. ரேடியோவுக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது.

அண்ணி சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு எங்க?"

"இன்னொண்ணா?"

"தினமும் பார்க்கறவ நான். மூணு காணோம்."

ரேடியோவுக்குச் சருகு நொறுங்கிய சத்தம் மறுபடி காதில் கேட்டது. பழம் சாப்பிட்டாயா என்றுதான் எல்லோரும் பிள்ளையைக் கேட்டார்கள். சரியான கேள்வி எதுவென்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதைக் கேட்டால் இந்த அறையில் மிச்சமிருக்கும் கொஞ்ச மானமும் போய்விடும்.

மண்டியிட்டுக் குழந்தையின் முகத்தருகே குனிந்தாள்.

"கண்ணு, அத்தை சாப்பிட்ட மிட்டாய் இருக்கில்ல? அதை நீயும் சாப்பிட்டியா?"

வாலு தலையாட்டியது. "நீ பறிச்சு வாயில போட்டியே, நான் பார்த்தேன். நானும் போட்டேன். ஒண்ணுதான். கசந்துச்சு."

"அம்மா கேட்டப்போ ஏன்டா செல்லம் இல்லைன்னே?"

"அம்மா பழம்தானே கேட்டா? அது மிட்டாய்னு நீதானே சொன்னே?"

டாக்டரம்மா மறுபடியும் குழாயைக் கையில் எடுத்தாள். ரேடியோ மறுபடியும் அந்தக் கால்களைப் பிடித்தாள். இந்தத் தடவை குழந்தை "அத்தை" என்று கூப்பிடவில்லை, "அம்மா, அம்மா" என்றுதான் கதறியது. வெளியே வந்த தண்ணீரில் முதலில் நுரை, பிறகு சிவப்புத் தோல், பிறகு பல் பட்டு நசுங்கிய ஒரு வெள்ளை விதை.

"வந்துடுச்சு" என்றாள் டாக்டரம்மா. "நாளைக்குக் காலை வரைக்கும் இங்கயே இருக்கட்டும். பயப்பட ஒண்ணுமில்ல. நல்ல வேளை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகல."

அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பில் கட்டும் இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டு வெளியே போனான்.

வாலு தூங்கியதும் அண்ணி எழுந்து தட்டிலிருந்த இரண்டு பழங்களையும் எடுத்தாள். குழாயடியில் கழுவி, தோலை உரித்து, விதைகளை மட்டும் ரேடியோவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"அண்ணி, எனக்கு வேணாம் அண்ணி…"

"கொண்டு போய் நடு. இது எப்பப் பூக்குதோ, அன்னிக்கு என் வீட்டுப் படி ஏறு. அதுவரைக்கும் என் புள்ளை கண்ணுல படாதே."

நாலு வருஷமோ, ஐந்து வருஷமோ. அப்போது வாலு பள்ளிக்கூடம் போகும், அத்தை முகமே மறந்திருக்கும். ரேடியோ கதவருகே போய்விட்டாள். கைப்பிடியில் கை வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏய்."

திரும்பினாள். அண்ணி பிள்ளையின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மேல்மண் காஞ்சாத்தான் தண்ணி. தினமும் ஊத்தித் தொலைச்சிடாதே."

ரேடியோ தலையாட்டினாள். வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.