‘வருகிறேன்’ சேர்க்கக் கோருதல்

கூட்டம் காலை பத்து மணிக்கு எங்கள் ஹாலில் தொடங்கியது. இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் நோட்டுடன் நான். எதிரே சோபாவில் என் மனைவி தையல்நாயகி. அவள் பக்கத்தில் அவள் தம்பி பூவராகன். வாசல் ஓரம் முக்காலியில் டிராவல்ஸ் சர்புதீன். ஜன்னலுக்குக் கீழே, நீல பிளாஸ்டிக் நாற்காலியில், பாங்காக் நகரம்.

நகரங்கள் முன்கூட்டி வந்து ஆளைப் பார்த்துவிட்டுப் போவது நடைமுறைதான். அது காபி வேண்டாம் என்றது. அதன் காலடியில் தரை ஈரமாக இருந்தது. தையல்நாயகி மிதியடியை நகர்த்திப் போட்டாள்.

வியாழன், வெள்ளி, சனி சுற்றிப் பார்ப்பது. ஞாயிறு திரும்புவது. நான் இடங்களை வரிசையாக எழுதினேன். ஓர் இடம் எழுதினால் ஹால் பத்தடி நீண்டது. சயன புத்தரை எழுதியபோது நூற்றைம்பது அடி நீண்டது. அவர் படுக்க அவ்வளவு வேண்டும்.

"மாமா, இது எத்தனாவது லிஸ்ட்டு?" என்றான் பூவராகன்.

"பதினொண்ணு."

"வருஷத்துக்கு ஒண்ணா?"

"ஆமா."

"நல்ல விளைச்சல்."

நான் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவன். மனுக்கள் காத்திருந்தன. நோட்டை மூடப் போனேன். "இந்த வருஷம் வேலை ஜாஸ்தி. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

தையல்நாயகி எழுந்தாள். "நீங்க லிஸ்ட்டே போட்டுக்கிட்டு இருங்க. நான் போறேன்."

சொன்னதை விடாமல் எழுது என்பது எங்கள் ஊர்ப் பள்ளியில் கற்றுத் தந்தது. ‘நான் போகிறேன்’ என்று எழுதினேன். முற்றுப்புள்ளியும் வைத்தேன்.

சர்புதீன் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"சார், என்ன எழுதினீங்க?"

"அவ சொன்னத."

"போயிட்டு வரேன்னுதானே சார் சொல்லுவாங்க? வெறும் போறேனா?"

"வெறும் போறேன்தான்."

"புள்ளி?"

"வச்சாச்சு."

"அப்ப இது ஒன்வே சார்."

சுவரில் தினசரி காலண்டரின் தாள்கள் உதிர்ந்தன. சனிக்கிழமையோடு நின்றன. அதற்கு அடியில் வெறும் அட்டை இருந்தது. திரும்பி வருவதற்கு ஞாயிறு இல்லை.

தையல்நாயகி செருப்பை மாட்டினாள். வாசல் பக்கம் போகவில்லை. ஹாலின் நீளத்திலேயே நடந்தாள். டிவியைத் தாண்டும்போது அவளுக்கு வியாழக்கிழமை தொடங்கிவிட்டது.

"அக்கா, போயிட்டு வரேன்னு சொல்லு!" என்று பூவராகன் கத்தினான்.

அவள் திரும்பினாள். "போயிட்டு" என்றாள். பிறகும் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

நான் ரப்பரை எடுத்தேன். பாங்காக் முதல் முறையாகப் பேசியது.

"அழிக்கக் கூடாது."

"சேர்க்கலாமா?"

"சேர்க்கலாம். ஒரு சொல். கடிதமாக. ஒட்டிய உறையில்."

"எதுக்குள்ள?"

"அவர் படகில் ஏறுவதற்குள்."

"அந்தச் சொல்லை யார் சொல்லணும்?"

"நான் என்று சொல்லக்கூடிய ஒருவர்."

நோட்டுடன் ஓடினேன். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வெள்ளிக்கிழமை நடந்துகொண்டிருந்தது. கால்வாயில் கடைகள் மிதந்தன. தையல்நாயகி படிக்கட்டில் உட்கார்ந்து அன்னாசிப்பழம் தின்றுகொண்டிருந்தாள். முகம் நன்றாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"நாயகி, வரேன்னு ஒரு தடவ சொல்லிடு."

"எங்க வர்றது?"

"வீட்டுக்கு."

"அங்க என்ன இருக்கு? பதினோரு லிஸ்ட்டு."

"அவசரம்மா."

"எனக்கு ஒரு அவசரமும் இல்ல. நீங்க ஒரு தடவயாவது வரேன்னு சொல்லியிருக்கீங்களா? எழுதித்தானே வச்சிருப்பீங்க. பாருங்க."

பார்த்தேன். பதினோரு வருட நோட்டு அது. ‘பார்க்கலாம்’ என்று நாற்பத்து மூன்று இடங்களில் இருந்தது. ‘வருகிறேன்’ ஓர் இடத்திலும் இல்லை.

நிமிர்ந்தபோது அவள் இல்லை. அன்னாசித் தோல் இருந்தது.

மேசைக்குத் திரும்புவதற்குள் தண்ணீர் கணுக்கால் வரை வந்துவிட்டது. பூவராகன் சோபா மேல் ஏறி நின்றான். "அக்கா சனிக்கிழமைக்குள்ள போயிட்டா மாமா! படகுத்துறை தெரியுது!"

முறைப்படியே எழுதினேன். அனுப்புநர். பெறுநர்: பாங்காக் நகரம், நீல நாற்காலி, ஜன்னல் ஓரம்.

"மதிப்பிற்குரிய ஐயாவா, அம்மாவா?" என்று கேட்டேன்.

"ஊர்," என்றது.

மதிப்பிற்குரிய ஊர் அவர்களுக்கு என்று எழுதினேன். நோட்டில் உள்ள வாக்கியத்தைத் தொடர்ந்து கீழ்க்கண்ட சொல்லைச் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டேன். கீழே எழுதினேன்: வருகிறேன்.

நகரம் வாங்கிப் படித்தது.

"போகிறேன் என்றது உங்கள் மனைவி. வருகிறேன் என்பது யார்?"

"தன்மை ஒருமைங்க. அதுல ஆண்பால் பெண்பால் கிடையாது. நான்னு சொல்ற யாருக்கும் பொருந்தும்."

எட்டாம் வகுப்பில் படித்தது. இதுவரை உதவியதில்லை.

நகரம் யோசித்தது. அது யோசிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே எல்லா வண்டிகளும் நின்றன. பிறகு கிளம்பின.

"செல்லும். இணைப்பு?"

கடிதத்தின் அடியில் அந்த வரி காலியாகத்தான் இருந்தது. எந்த மனுவிலும் நான் அதைக் காலியாக விட்டதில்லை.

இணைப்பு: நான், என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

சர்புதீன் பழுப்பு உறையின் வாயை விரித்துப் பிடித்தார். "மூணா மடிங்க சார். முழங்கால் வெளிய தெரியக் கூடாது."

மூன்றாக மடிந்தேன். கடிதம் நெஞ்சோடு ஒட்டி இருந்தது.

"மாமா, வேலை ஜாஸ்தின்னீங்களே?" என்றான் பூவராகன்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்."

ஹாலின் கடைசியில் ஒரு படகின் மோட்டார் இரண்டு முறை இருமியது.

"போயிட்டு வரோம்," என்றேன். உறையை உள்பக்கமிருந்து ஒட்டினேன். கோந்து புளித்தது. தோள் மேல் முத்திரை விழுந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தபால் பெட்டியின் தகரம் கீச்சென்றது. உள்ளே விட்டார்கள்.

விழுந்தேன். அடியில் படகுத்துறையின் தண்ணீர் இருந்தது.